சாமான் கட்டிட்டு மலை ஏற ஒரு ஸ்டீல் சைக்கிள், ஃப்ரேம் செய்றவங்க யாராச்சும் தெரியுமா?

மக்களே ஒரு உதவி. ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கிற சைக்கிள் இதுதான், குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் ஃப்ரேம், 36 கம்பி வீல், 38 மி.மீ. டயர், ப்ரூக்ஸ் பி17 தோல் சீட்டு. கார்பன் ஃப்ரேம் லேசுதான், ஆனா விரிசல் விட்டா அங்கேயே நிக்கணும், ஸ்டீல்னா வழியில எதாச்சும் வெல்டிங் பட்டறையில ஒட்டிட்டு ஊர் வந்து சேந்துடலாம். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் சாமானோட ஏறணும், அதுக்கு பெடல் பக்கத்து செயின் சக்கரத்துல 26 பல்லு, பின் வீல் செயின் சக்கரத்துல 34 பல்லு போட்டா பெடல் ஒரு சுத்துக்கு வீல் முக்கால் சுத்துதான், முட்டி தாங்கும். நான் 5 அடி 1 அங்குலம், கடையில இருக்கிற சைஸ்ல ஹேண்டில் எட்டவே மாட்டேங்குது. கோவை, சென்னை, பெங்களூரு பக்கம் அளவெடுத்து ஃப்ரேம் செஞ்சு தர்றவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், பழைய ஃப்ரேம்னாலும் ஓகே, டாப் ட்யூப் (சீட்டுப் பக்கத்துலேர்ந்து ஹேண்டில் பக்கம் போற மேல் குழாய்) 51 செ.மீ.க்குள்ள இருக்கணும்.