புதுப்பிப்பு: திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் நிதியை ஒருங்கிணைப்பது பற்றி

முன்பு நான் கேட்டது இதுதான்: திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களுக்கென்று வரும் நிதி பெரும்பாலும் விழிப்புணர்வு முகாமுக்கே போகிறது, சம்பள பாக்கி வழக்கு நடத்தப் பணமில்லை, இதை எப்படி ஒருங்கிணைப்பது?

பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதியை வாங்கிச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமே என்று பலர் சொன்னீர்கள். அது நடக்காதுங்க. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றுவதையே தடை செய்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதிலேயே பாதிச் சண்டை!

சரி, பணத்தை விட்டுவிட்டு வேலையைப் பிரித்துக்கொண்டோம். இந்தி, ஒடியா பேசும் ஆட்கள் இருக்கும் குழு புகாரைக் கேட்டு எழுதும். இன்னொரு குழு வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் என ஆதாரங்களைச் சேர்க்கும். வழக்கறிஞர் செலவுக்குத் தனி நிதி தேடவில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும்.

இன்னும் தீராதது நிதி தருபவர்களின் அறிக்கைப் படிவம்தான். ஒருவர் முகாமுக்கு வந்த தலைகளை எண்ணச் சொல்கிறார், இன்னொருவர் மீட்ட சம்பளத்தைக் கேட்கிறார். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நியாயம். இருவருக்கும் பொதுவாக ஒரே படிவம் எழுதி அனுப்பியிருக்கிறோம்.

அடுத்த கூட்டம் பெருந்துறையில், ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் ஷிப்டை விட்டு யாரும் வர மாட்டார்கள்.