அறுகம்பே பக்கம் கூட்டமில்லாத அலை எங்கே?

காரைக்குடியான்: நாலு பேர், அலைச்சறுக்குக்காக ஆகஸ்டில் பத்து நாள் இலங்கை. கற்றுக்குட்டிகளுக்கான மென்மையான நுரைப் பலகையில் நிற்க வரும், அவ்வளவுதான். கிழக்குக் கரை அறுகம்பே நெரிசலாமே? பலகை இங்கிருந்தே தூக்கிப் போகலாமா?

அலைவாசி: ஆகஸ்ட்தான் நெரிசலின் உச்சம், தம்பி. செப்டம்பருக்குத் தள்ளினால் பாதித் தொல்லை தீரும். அறுகம்பேயின் முக்கிய அலையான மெயின் பாயின்ட் அடியில் பாறை. விழுந்தால் கால் கிழியும். வடக்கே விஸ்கி பாயின்ட், தெற்கே பீனட் ஃபார்ம், இரண்டிலும் மணல் அதிகம். விடியும்போதே இறங்குங்கள். காலையில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் தரைக்காற்று அலையை நிமிர்த்தி வைக்கும். வெயில் ஏறினால் கடல்காற்று வந்து கலக்கிவிடும்.

பள்ளத்தூர்க்காரர்: எட்டடி நுரைப் பலகை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், தூக்காதீர்கள். சொந்தப் பலகைதான் என்றால் பலகைக்கு அடியிலுள்ள துடுப்புகளைக் (fins) கழற்றி, மூக்கிலும் வாலிலும் துண்டு சுற்றுங்கள். விமானத்தில் முதலில் உடைவது அவைதான். கால் வழுக்காமல் பலகையில் பூச, வெப்பக் கடலுக்கான மெழுகே வாங்குங்கள், குளிர்கடல் மெழுகு இளகி வழுக்கும்.

காரைக்குடியான்: திருச்சி–கொழும்பு விமானம், பிறகு?

அலைவாசி: வேன்தான், ஏழெட்டு மணி நேரம். அறுகம்பேக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலில் தமிழே போதும். இன்னும் தனிமை வேண்டுமா? இன்னும் தெற்கே ஒகந்தை. முருகன் கோயிலும் உண்டு, நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்! போகும் வழியில் பாணமை ஊரைத் தாண்டினால் யானை நடமாட்டம், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.