சிரங்குக்கு குப்பைமேனி, வேப்பிலை அரைச்சுப் போட்டவங்க உங்க அனுபவம் சொல்லுங்க

எங்க வீட்ல ரெண்டு மாசமா நடக்குற கூத்த சொல்றேன். பையன் ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தப்பவே விரல் இடுக்குல பொடிப்பொடியா இருந்துச்சு, வேர்க்குருன்னு விட்டுட்டேன். ராத்திரி ஆனா போதும், மணிக்கட்டையும் இடுப்பையும் பறண்டிகிட்டே கெடப்பான். மாமியார் பாத்த ஒடனே "இது சிரங்குடி"ன்னு சொல்லி குப்பைமேனி பறிச்சு உப்பு வச்சு அரைச்சுக் குடுத்தாங்க, சொறிஞ்சு பொளந்த எடத்துல அது பட்டதும் அவன் போட்ட கத்து இருக்கே! ஆனா நாலஞ்சு நாள்ல காஞ்சு உதிர்ந்துச்சு. சரியாப்போச்சுன்னு நிம்மதியா இருந்தா அஞ்சாவது வாரம் எனக்கு ஆரம்பிச்சது, பின்னாடியே சின்னவளுக்கு, அப்புறம் பாத்தா அவனுக்கே திரும்பவும். இலை வேலை செய்யலயா, நான் பூசுன விதம் தப்பா?

—

அக்கா, நான் தோல் கிளினிக்ல நர்ஸா இருக்கேன், தெனமும் பாக்குற கதைதான் இது. இது ஒரு பூச்சி, பெண் பூச்சியே அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. மேல்தோல்ல வளை தோண்டி நாளுக்கு ரெண்டு மூணு முட்டை வைக்கும், மூணு நாலு நாள்ல பொரிஞ்சிரும். மொத தடவ வர்றவங்களுக்கு அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதனால பையனுக்குப் பூசிட்டு இருந்தப்பவே உங்க ரெண்டு பேர் மேலயும் அது குடியேறியிருக்கும். நீங்க அரிச்ச எடத்துல மட்டும்தான பூசிருப்பீங்க? எந்த மருந்தா இருந்தாலும் கழுத்துல இருந்து கால்விரல் வரைக்கும், தொப்புள், நக இடுக்கு, தொடை இடுக்கு எதையும் விடாம, வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல போடணும், அரிப்பு இல்லாதவங்களும்தான். நாங்க குடுக்குறது பெர்மெத்ரின் 5% க்ரீம், ராத்திரி பூசி காலைல குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. துணி, போர்வை எல்லாம் சுடுதண்ணில. துவைக்க முடியாதத கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி நாலு நாள் வச்சிருங்க, உடம்ப விட்டு வந்த பூச்சி ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது.

—

எனக்கு வேப்பிலையும் மஞ்சளும்தான் கேட்டுச்சு. தெனமும் உடம்பு பூரா பூசி காய விட்டு குளிச்சேன், பத்து நாள் ஆச்சு. சும்மா பாட்டி வைத்தியம்னு தள்ளிராதீங்க, 1992ல வந்த ஒரு ஆய்வுல 814 பேருக்கு இதே விழுதப் போட்டு 97% பேருக்கு 3 முதல் 15 நாளுக்குள்ள சரியாயிருக்கு. ஆனா பெட்ஷீட்டு, பனியன், தலையணை உறை எல்லாம் மஞ்சளாகி இன்னிக்கு வரைக்கும் போகல :)

—

தயவுசெஞ்சு எருக்கம்பால் மட்டும் தடவாதீங்க. யாரோ சொன்னாங்கன்னு தங்கச்சி அவ பையன் கைல தடவிட்டா, மறுநாளே கொப்புளம், அது ஒடைஞ்சு சீழ் வச்சு, ரெண்டு வாரத்துல மூஞ்சி வீங்கி மூத்திரம் காப்பி கலர்ல போச்சு. புண்ணுல ஏறுன கிருமியால சிறுநீரகம் பாதிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னப்ப அவளுக்கு கை கால் ஓடல. இப்ப நல்லா இருக்கான். சீழ் வச்சுட்டா எலை தழைய விட்டுட்டு டாக்டர்கிட்ட ஓடிருங்க. அதே மாதிரி வேப்பெண்ணெய கைக்குழந்தைக்கு வாய்ல ஊத்தவே கூடாது, வலிப்பு வரைக்கும் கொண்டுபோயிரும்.

—

நானும் "இயற்கை மருந்துதான்"னு ஒத்தக் கால்ல நின்ன ஆளுதான். அப்புறம்தான் தெரிஞ்சது, அந்த பெர்மெத்ரினே சாமந்தி குடும்பத்துப் பூ ஒண்ணுல இருக்குற பூச்சிக்கொல்லிச் சத்தப் பாத்து செஞ்சதாம். மாத்திரையா குடுக்குற ஐவர்மெக்டின் மண்ணுல இருக்குற பாக்டீரியால இருந்து வந்தது, அதக் கண்டுபிடிச்சவங்களுக்கு 2015ல நோபலே குடுத்தாங்க. நான் யாரோட சண்ட போட்டுட்டு இருந்தேன்னே புரியல.

—

எல்லாருக்கும் நன்றி. போன ஞாயித்துக்கிழமை அஞ்சு பேரும் வரிசையா நின்னு க்ரீம் பூசிக்கிட்டோம், மாமியார் "எனக்கு ஒண்ணுமே அரிக்கலயே"ன்னு முணுமுணுத்துகிட்டே கால நீட்டுனாங்க. புதுசா எங்கயும் பொரி வரல, ஆனா அரிப்பு மட்டும் இன்னும் இருக்கு. திரும்பப் பூசணுமா?

—

ரெண்டாவது தடவைய அந்த ஒரு வாரக் கணக்குல போடுங்க, அதுக்கு மேல பயந்துபோய் தெனமும் பூசாதீங்க அக்கா. செத்த பூச்சியும் அதோட கழிவும் தோலுக்குள்ளயே கெடக்கும், அதுக்குத்தான் அரிக்குது, ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும். அதுக்கப்புறமும் புதுசா வளை மாதிரி கோடு தெரிஞ்சா மட்டும் வந்து காட்டுங்க.

—

சரிம்மா. குப்பைமேனிச் செடிய மட்டும் மாமியார் புடுங்க விடமாட்டேங்குறாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்.