புதுப்பிப்பு: சமூகப் பொருளாதாரத்துக்கான பொதுநிதிக் கருவிகளும் ஆலோசனை உதவியும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சமூகப் பொருளாதாரத்தைச் சேர்ந்த கூட்டுறவுகளுக்கும், லாபத்தைவிடச் சமூக நோக்கை முன்வைக்கும் சமூக நிறுவனங்களுக்கும் பொதுநிதியிலிருந்து கடன் வழங்குவது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். கடன், மானியம் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் ஒரு திட்டம் தேர்ந்தெடுக்க முடியும் என்று அதில் சொன்னது தவறு. ஒன்றியத்தின் நிதிகளுக்கான 2021ஆம் ஆண்டின் பொது ஒழுங்குவிதியின் 58ஆவது பிரிவு இரண்டையும் ஒரே நடவடிக்கையில் இணைக்க இடம் தருகிறது. ஆனால், மானியம் அந்த நிதிக்கருவிக்கு (கடன் போன்று, திருப்பிச் செலுத்த வேண்டிய உதவிக்கு) நேரடியாகத் தொடர்புடையதாகவும் அவசியமானதாகவும் இருக்க வேண்டும், அந்தக் கருவி ஆதரிக்கும் முதலீட்டின் மதிப்பை மானியம் தாண்டவும் கூடாது.

மாற்றுத்திறனாளிகள் பணிபுரியும் ஒரு சலவையகத்தை எண்ணிப் பாருங்கள்: இயந்திரம் வாங்கக் கடன் போதும், ஆனால் கணக்கு எழுதவும் விலை நிர்ணயிக்கவும் பயிற்சி பெற மானியம் தேவைப்படும்.

இங்கேதான் ஆலோசனை உதவி முக்கியமாகிறது. ஐரோப்பிய ஆணையமும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் இணைந்து நடத்தும் ஃபை-காம்பஸ் தளம், வேலைவாய்ப்பு, பயிற்சி, சமூக நலன் ஆகியவற்றுக்கான ஒன்றிய நிதியான ஐரோப்பிய சமூக நிதி பிளஸைக் கையாளும் அதிகாரிகளுக்கும் வழிகாட்டுகிறது. மானியத்துக்கே பழகிய துறையினருக்கு, எவ்வளவு தொகை, என்ன வகைக் கடன், யாருக்கு என்று முன்மதிப்பீடு செய்வது எளிதன்று. அவற்றுள் ‘யாருக்கு’ என்பதையே நான் மிகக் கடினமானதாகக் கருதுகிறேன். கடன் பெற்றவர்களிடமிருந்து, நிதியைச் செலவிடத் தகுதியுள்ள காலம் முடிவதற்குள் திரும்பி வரும் தொகையை மீண்டும் நிதிக்கருவிகளிலேயே பயன்படுத்த வேண்டும் என்பதையும் முன்பு குறிப்பிடத் தவறிவிட்டேன்.