வடவள்ளியில் அடைகாக்கும் மயில், உடனே உதவி வேண்டும்
வணக்கம். கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டை ஒட்டிய காலிமனைப் புதரில் ஒரு பெண்மயில் அடைகாக்கிறது. அது இரை தேடிப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தேன்: லேசாகப் பறித்த மண்குழியில் வெளிர் நிறத்தில் ஐந்து முட்டைகள். குஞ்சு பொரிக்க சுமார் 28 முதல் 30 நாள் ஆகும். நான் பார்த்து 10 நாள்தான் ஆகிறது. அதற்குள் திங்கள்கிழமை மனையைச் சுத்தம் செய்ய பொக்லைன் வருகிறதாம்.

மனைக்காரர் நல்ல மனிதர், பேசினால் கேட்பார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அவரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது? வனத்துறைக்கு போன் செய்தால் போதுமா, எழுதிக் கொடுக்க வேண்டுமா? அப்புறம், ராத்திரியில் தெருநாய்கள் சுற்றுகின்றன. வேலி கட்டினால் தாய் கூட்டை விட்டுப் போய்விடுமா?

அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். முட்டைகளை எடுத்துக் கோழிக்கு அடைவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.