சிறு இரட்டை: திங்கட்கிழமைக்குள் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

போக்கர் ஆட்டம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். அதில் வரும் சில சொற்களுக்குத் தமிழ் வேண்டும். கட்டுரை சொல்லும் ஆட்டம் இது: லாஸ் வேகாஸில் ஒன்று-இரண்டு டாலர் மேசை (தொடக்கக் கட்டாயப் பந்தயம் ஒரு டாலர், இரண்டு டாலர்). நம் கையில் கவிழ்ந்திருக்கும் இரண்டு சீட்டிலும் எண் நான்கு. இதுதான் 'பாக்கெட் பேர்'. ஒருவர் பந்தயத்தை 12 டாலருக்கு ஏற்றுகிறார், இன்னும் இருவர் சேர்கிறார்கள். நாமும் போகலாமா, சீட்டைப் போட்டுவிடலாமா?

மேசையில் விரியும் முதல் மூன்று சீட்டில் இன்னொரு நான்கு வந்தால் நமக்கு 'செட்'. அதற்கு வாய்ப்பு 11.8 விழுக்காடு, அதாவது எட்டரை முறைக்கு ஒருமுறை. எதிராளியிடம் 200 டாலர் இருந்தால் 12 கொடுத்துப் பார்க்கலாம்; 50தான் மிச்சம் என்றால் வந்தாலும் கட்டாது. வராவிட்டால் வம்பு செய்யாமல் விலகிவிட வேண்டும். இதற்குப் பெயர் 'செட் மைனிங்'.

நான் போட்டு வைத்திருப்பவை: சட்டைப்பை இணை, மும்மை, மும்மைச் சுரங்கம். சிரிக்காதீர்கள்.

க.

---

தம்பி,

சிரிக்கவில்லை, வருந்தினேன். 'சுரங்கம்' கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியாக வந்த சொல் என்பார்கள். ஆங்கிலத்தை விரட்டக் கிரேக்கத்தைக் கூப்பிடுவானேன்? 'அகழ்' இருக்கிறது.

இணை என்பது வேறுவேறான இரண்டு சேர்வதற்கும் பொருந்தும். இங்கே ஒன்றே இருமுறை. ஆகவே இரட்டை. 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்றாரே தொல்காப்பியர். சலசல என்பதில் ஒரு 'சல'வைத் தனியே எடுத்தால் பொருள் இல்லை. உங்கள் நான்கும் அப்படித்தானே? தனி நான்குக்கு மேசையில் மதிப்பேது? அப்படியானால் ஏஸ் இரட்டை அடுக்குத்தொடர் ஆகிவிடும், பிரித்தாலும் பொருள் தரும். இதை விரித்து எழுத வேண்டும்.

ந.

---

ஐயா, விரிக்க வேண்டாம், திங்கட்கிழமை வந்துவிடும்.

ரம்மி ஆடும் வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் 'செட்' தெரியும். படிப்பவருக்கு ஏற்கெனவே இருக்கும் சொல்லைப் பிடுங்கிவிட்டு மும்மை என்று கொடுத்தால் அவர் ஆணவம், கன்மம், மாயை என்று போய்விடுவார். 'பாக்கெட் பேர்' என்பதற்கு உங்கள் இரட்டையோடு கையைச் சேர்த்துக் 'கையிரட்டை' என்றால் நன்றாக இருக்கிறது. 'செட்' அப்படியே இருக்கட்டும்.

வா.

---

வா. அக்கா சொல்வதில் ஒரு சிக்கல். ரம்மியில் செட் முழுவதும் நம் கையிலேயே இருக்கும். போக்கரில் கையில் இரண்டு, மேசையில் ஒன்று. இதையே திருப்பி, மேசையில் இரண்டு, கையில் ஒன்று என்றால் அது 'ட்ரிப்ஸ்'. இரண்டும் ஒரே மதிப்புதான், ஆனால் முன்னதை எதிராளி மோப்பம் பிடிக்க மாட்டார். பின்னதில் மேசையிலேயே ஜோடி கிடப்பதால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். 12 கொடுத்து 200 எதிர்பார்ப்பது அந்த மறைவை நம்பித்தான். சொல்லில் அது தெரிய வேண்டாமா? 'கரந்த மும்மை', 'வெளி மும்மை' என்று வைக்கலாம்.

அப்புறம், 'லைவ் போக்கர்' நேரலை அல்ல, இணையத்தில் இல்லாமல் மேசையில் நேரில் ஆடுவது; 'நேரடி ஆட்டம்'.

செ.

---

செ. கூறிய 'கரந்த' அருமை. சுரங்கமும் வேண்டாம், அகழ்தலும் வேண்டாம், வள்ளுவரிடமே விடை இருக்கிறது: 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று'. சிறிது போட்டுப் பெரிது பிடிப்பது. 'தூண்டிலாட்டம்' என்க.

ந.

---

ஐயா, அந்தக் குறளில் சூதாடிதான் மீன். நம்மவரோ கரையில் உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். (யார் மீன் என்பது வேறு விவாதம்.) அதே அதிகாரத்தில் 'கழகம்' என்றால் சூதாடும் இடம். அதற்காகக் கேசினோவைக் கழகம் என்று எழுதினால் தமிழ்நாட்டில் யாராவது வழக்குப் போடுவார்கள்.

ஆனால் தூண்டில் பொருத்தமே. கணக்குப் போட்டேன்: இரண்டு முதல் ஆறு வரையுள்ள சிறு இரட்டை ஏறத்தாழ 44 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். நேரடி மேசையில் மணிக்கு 30 ஆட்டம் என்று வைத்தால், அப்படி ஓர் இரட்டை செட்டாக மாறுவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இதில் வெட்டுவது எங்கே? உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

செ.

---

அனைவருக்கும் நன்றி. மணி இரவு பதினொன்று. கையிரட்டை, செட், செட்டுக்குத் தூண்டில் என்று போடுகிறேன். ட்ரிப்ஸ் வரும் ஒரே இடத்தில் 'மேசையில் ஜோடி விழுந்து அமைந்த மூன்று' என்று விரித்தே எழுதிவிட்டேன். கரந்த மும்மை அழகுதான், ஆனால் கட்டுரையில் பதினாறு இடத்தில் வருகிறது, வாய் வலிக்கும்.

க.

---

பதினாறு இடத்தில் 'செட்'. என் மாறுபாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரட்டைக்கிளவி பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

ந.