தாத்தா வீட்டுப் பிள்ளைகள்: சைகோன் தெருவுக்கு வழி

தம்பி (காலை 7:12)
டிக்கெட் வந்துவிட்டது. ஞாயிறு இரவு கிளம்புகிறேன். ஆபீஸ் வேலை முடிந்த பிறகு ஒரு நாள் முழுக்க ஓய்வு. வியட்நாமில் ஊர் பெயர் ஹோ சி மின் நகரம், பக்கத்தில் எஸ்ஜிஎன் என்று போட்டிருக்கிறது.

பெரியப்பா (7:20)
எஸ்ஜிஎன் என்றால் சைகோன்தான். என் தாத்தா சுங்க ஆபீஸில் வேலை பார்த்த ஊர். அந்தக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து எத்தனையோ பேர் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகத்துக்கு அங்கே போனார்கள்.

பெரியப்பா (7:24)
📷 படம்
📷 படம்
தாத்தா கோட்டு போட்டு எடுத்துக்கொண்ட போட்டோ. இரண்டாவது அதன் பின்பக்கம். ஸ்டூடியோ முத்திரை மங்கலாகத் தெரியும்: ரூ கத்தினா, சைகோன். அந்தத் தெருவில் ஒரு தடவை நடந்துவிட்டு வா கண்ணு.

அம்மா (7:31)
மாமா, இந்தப் போட்டோவை நான் பார்த்ததே இல்லை. நெற்றி அப்படியே நம்ம பையனுடையது.

தம்பி (7:40)
பெரியப்பா, மேப்பில் அந்தப் பெயரில் தெருவே காட்டவில்லையே.

நான் (8:05)
காட்டாதுடா. அந்த ஒரே தெருவுக்கு மூன்று பெயர். கத்தினா என்பது வியட்நாமைத் தாக்க வந்த பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பெயர். 1859இல் சைகோனைப் பிடித்தார்கள், கொஞ்ச வருஷத்தில் ஊரின் முக்கியமான தெருவுக்குக் கப்பல் பெயரை வைத்துவிட்டார்கள். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போரில் தோற்று வெளியேறியதும் அது சுதந்திரத் தெரு ஆனது. 1975இல் வடக்கு வியட்நாம் படை ஊருக்குள் வந்தபின் தோங் கோய், அதாவது மக்கள் எழுச்சித் தெரு. இப்போதும் அதுதான். மேப்பில் தோங் கோய் என்று தேடு.

தம்பி (8:09)
ஒவ்வொரு போருக்கும் ஒரு பெயர்ப் பலகையா!

பெரியப்பா (8:15)
தெரு மட்டும் இல்லை. பிரெஞ்சுக் காலத்து நோரோதோம் அரண்மனை, பிறகு சுதந்திர அரண்மனை. 1975 ஏப்ரல் 30 அன்று டாங்கி இடித்துக்கொண்டு உள்ளே போனது அதன் வாசலில்தான். இப்போது மறுஇணைப்பு மண்டபம். கட்டாயம் போய்ப் பார்.

தம்பி (8:22)
சரி, தலைநகரமாக இருந்த ஊர்கள் அங்கே இன்னும் இருக்கின்றனவே. ஹனோய், ஹுவே. அவற்றின் பெயரை ஏன் மாற்றவில்லை?

பெரியப்பா (8:41)
நல்ல கேள்வி. ஹுவே 1802இலிருந்து 1945 வரை அரசர்களின் தலைநகர். அரசாட்சியே முடிந்துபோனது, அந்தப் பெயரைக் கண்டு யாருக்கும் பயமில்லை. ஹனோய் ஜெயித்தவர்களின் ஊர். சைகோன் கதை வேறு. தெற்கு வியட்நாம் என்ற நாட்டுக்கு அது இருபது வருஷம் தலைநகர். செய்தித்தாளில் ‘சைகோன்’ என்று எழுதினாலே அந்த அரசாங்கம் என்றுதான் அர்த்தம். அந்த நாட்டை இல்லாமல் ஆக்கியவர்கள் பெயரையும் எடுத்தார்கள். 1976 ஜூலை 2 அன்று வடக்கும் தெற்கும் ஒரே நாடானது, அன்றே ஊர் பெயரும் மாறியது.

பெரியப்பா (8:43)
ஆனால் சைகோன் என்ற பெயர் அந்த அரசாங்கத்தைவிட எவ்வளவோ பழையது. இருபது வருஷ அரசியலுக்காக ஒரு பழைய ஊர்ப் பெயரைத் தண்டித்திருக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

நான் (8:50)
வடக்கு வியட்நாமின் தலைவராக இருந்த ஹோ சி மின்னுக்கும் அந்த ஊரோடு தொடர்பு உண்டு பெரியப்பா. 1911 ஜூனில் சைகோன் துறைமுகத்திலிருந்துதான் பிரெஞ்சுக் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்து கிளம்பினார். 1969இல் இறந்துவிட்டார். தன் பெயர் அந்த ஊருக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

பாரிஸ் அத்தை (மதியம் 12:35)
இப்போதுதான் எல்லாம் படித்தேன். அண்ணா, அந்தப் போட்டோவை எனக்குத் தனியாகவும் அனுப்புங்கள். இங்கே 13ஆம் வட்டாரத்தில் என் பக்கத்து வீட்டம்மா 1975க்குப் பிறகு படகில் தப்பி வந்தவர். புதுப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அந்த ஊர் பேச்சு வந்தால் சைகோன், அவ்வளவுதான். அவர் அண்ணன் போரில் போய்விட்டார். அவரிடம் நான் வேறு பெயரைச் சொல்லவே மாட்டேன்.

நான் (12:50)
கோனிக்ஸ்பெர்க் என்று ஒரு ஊர் இருந்தது அத்தை. ஜெர்மனியின் கிழக்கு பிரஷ்யா மாகாணத்தின் தலைநகர், தத்துவஞானி கான்ட் பிறந்த ஊர். இரண்டாம் உலகப் போரில் சோவியத் கைக்குப் போய் 1946இல் கலினின்கிராடு ஆனது. அங்கிருந்த ஜெர்மன்காரர்கள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். பழைய பெயரைத் தினமும் சொல்ல ஊரில் ஆளே இல்லை. சைகோனில் எத்தனையோ பேர் வெளியேறினாலும் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அங்கேயே இருந்தார்கள். பெயரும் அவர்களோடு தங்கிவிட்டது.

தம்பி (12:58)
அப்படியானால் நான் அங்கே என்னவென்று சொல்வது? சைகோன் என்றால் யாராவது கோபப்படுவார்களா?

பெரியப்பா (1:10)
மாட்டார்கள். ஆறு சைகோன் ஆறு, ரயில் நிலையம் சைகோன் நிலையம். ஊருக்குள்ளேயே நகர மையத்தைச் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். 2025 ஜூலையில் வார்டுகளைத் திருத்தியபோது மையப் பகுதி வார்டுக்கு அரசாங்கமே சைகோன் என்று பெயர் வைத்தது. எனக்கு அந்தச் செய்தி ரொம்ப சந்தோஷம். படிவத்தில் மட்டும் ஹோ சி மின் நகரம் என்று எழுது.

அம்மா (1:18)
அங்கே மாரியம்மன் கோவில் இருக்கிறதாமே?

பாரிஸ் அத்தை (1:22)
இருக்கிறது அண்ணி, பென் தான் மார்க்கெட் பக்கத்தில். நம் ஆட்கள் பெரும்பாலோர் போன பிறகும் வியட்நாம்காரர்களே வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

பெரியப்பா (1:30)
தோங் கோய் தெரு தேவாலயத்தில் தொடங்கி ஆற்றங்கரை வரை போகும். நடுவில் ஓப்பரா அரங்கம் வரும். தெற்கு வியட்நாம் காலத்தில் அதில்தான் நாடாளுமன்றம் நடந்தது. ஆறு வரைக்கும் நடந்தே போ, வெயிலுக்கு முன்னால்.

தம்பி (1:34)
சரி பெரியப்பா. வியாழன் காலையில் முதலில் தெரு, அப்புறம் கோவில். அம்மா, யார் யார் பெயருக்கு அர்ச்சனை என்று எழுதி அனுப்பு.